சாவியை வாங்கிக்கொள்ள ஒருவர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பழைய வார்டில் இருக்கும் குட்டி சிஸ்டர் டீ குடிக்கும் விதம் மாறியிருந்தது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பிஸ்கட்டை முக்கி, அது உடைந்து டம்ளருக்குள் விழுந்தால் "போச்சுடா" என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறவர் அவர். போன மாதம் ஒரு நாள், துவைத்த விரிப்புகளை அடுக்க வார்டுக்குப் போனபோது பார்த்தேன். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, நின்றபடி, கதவைப் பார்த்துக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது.

நீயும் அப்படித்தான் குடித்தாய். வேலையை விடுவதற்கு முந்தைய நாட்களில், அம்மாவும் நானும் தவிர வேறு யாரும் இல்லாத நம் சமையலறையில், சுவரோடு சுவராக நின்று குடிப்பாய். "உக்காந்து குடியேன்டி, உன்ன யாரு துரத்தறா" என்று அம்மா கேட்பாள். "நாள் பூரா உக்காந்தே இருக்கேன்மா, கொஞ்சம் நிக்கறேன்" என்பாய். மனநல வார்டில் ஒரு நர்ஸ் நாள் பூராவும் உட்கார்ந்திருக்க முடியுமா என்று அன்று எங்களுக்குத் தெரியாது. இன்று அந்த வார்டுக்கே துணி அடுக்கப் போகிறவளாக இருப்பதால் எனக்குத் தெரியும்.

நீ நலமா என்று கேட்கவில்லை. கேட்டால், போனில் சொல்கிற அதே குரலில், "ம், எல்லாம் நல்லா இருக்கு, நீ சாப்பிட்டியா" என்பாய். அது வார்டுக் குரல் என்று இப்போது எனக்கு அடையாளம் தெரிகிறது. இப்போது நீ வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில் உனக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே ஒரு மேசை இருக்கும் என்று நீ சொன்னது மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. ஒரு வேலையில் பிடித்த விஷயம் என்ன என்று கேட்டதற்கு யாராவது அப்படிப் பதில் சொல்வார்களா?

அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாமியோடு சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டையில் இருக்கிறாள். அதனால் உடம்பு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தை நானாக எழுத உட்காரவில்லை, அக்கா. செவிலியர்களுக்கெல்லாம் பொறுப்பான பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, உன்னைத் திரும்ப வரச்சொல்லி எழுதச் சொன்னார். உன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் அதற்கு வேறு ஆளை எடுத்துவிடுவார்களாம். "நீ எழுதினா வருவா. தங்கச்சி பேச்ச தட்ட மாட்டா" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டாமல் என்ன செய்வது, என் வாய் உனக்குத் தெரிந்ததுதானே. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று டீச்சர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன வாய். நான் படிப்பை நிறுத்தியதற்கு நீ சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்தது மட்டும் காரணமில்லை. வகுப்பில் எழுந்து நிற்க வேண்டாம் என்பதில் எனக்கும் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. அதை நினைத்து நீ அழ வேண்டாம்.

வா என்று எழுதுவதற்கு முன், அவர் ஏன் உன்னை இப்போது கேட்கிறார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வார்டில் ஒரு நோயாளி உன்னை அடித்த அன்று என்ன நடந்தது என்பது எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது. எங்கள் மேஸ்திரியை உனக்கு நினைவிருக்கும். ஒரு விரிப்பில் ஒரு மடிப்பு கோணலாக இருந்தாலும் குடும்பத்துக்கே அவமானம் வந்ததுபோல் துடிப்பார். அதனால் எல்லாரும் அவரைச் சுருக்கம் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "உங்கக்கா உதடு சரியாப் போச்சா? தழும்பு இருக்கா?" நான் விழித்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றுதானே எங்களிடம் சொன்னாய்.

அவர்தான் சொன்னார். அன்று காலையிலேயே உன்னோடு இருந்த இன்னொரு சிஸ்டரைப் பக்கத்துக் கட்டடத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். மதியம் நீ மருந்து அலமாரியைத் திறக்கும்போது பின்னாலிருந்து அடி விழுந்தது. மற்ற நோயாளிகளே அடித்தவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். சுருக்கம் அண்ணன் அழுக்குத் துணி எடுக்க வந்தபோது, நீ உதட்டில் ஈரத் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மடியில் சாவிக் கொத்து இருந்தது. "வீட்டுக்குப் போம்மா" என்று அவர் சொன்னதற்கு, "சாவி வாங்க ஆள் வரலண்ணே" என்றாயாம்.

அந்த வழக்கம் எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு தினமும் பார்த்துப் புரிந்துகொண்டேன். வார்டுச் சாவி ஒரு சிஸ்டர் கையிலிருந்து இன்னொரு சிஸ்டர் கைக்குத்தான் போக வேண்டும். மேசையில் வைக்கக் கூடாது. ஆணியில் மாட்டக் கூடாது. துணி அடுக்குகிறவள், கூட்டுகிறவர், யாரும் தொடக் கூடாது. அது நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாவியை வைத்திருப்பவருக்கே ஏதாவது ஆகிவிட்டால் வாங்கிக்கொள்ள யார் ஓடி வருவார்கள் என்பதை மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை. இரவுப் பணிக்காரர் வரும்வரை நீ அந்தச் சாவியோடு உட்கார்ந்திருந்தாய். எல்லாருக்கும் இரவு மாத்திரையும் கொடுத்தாய். உன்னை அடித்தவருக்கும் நீதான் கொடுத்தாய்.

மறுநாள் எல்லார் முன்னாலும் பெரிய சிஸ்டர் உன்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நோயாளிக்கு ஏன் முதுக காட்டின?" அது பிறகு வார்டில் பழமொழிபோல் ஆகிவிட்டது. யாராவது டம்ளரைக் கீழே போட்டால்கூட, "டம்ளருக்கு ஏன் முதுக காட்டின" என்று கேலி செய்வார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய் என்றார் சுருக்கம் அண்ணன். நீ சிரித்ததுதான் அவருக்குத் தாங்கவில்லையாம்.

அம்மாவிடம் இதை நான் போன வாரம்தான் சொன்னேன். கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள்.

இப்போது குட்டி சிஸ்டர் விஷயம். அவர் சுவரோரம் நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு உன் ஞாபகமாகவே இருந்தது. யாரிடம் சொல்வது? "குட்டி சிஸ்டர் நின்னுக்கிட்டு டீ குடிக்கறாங்க" என்று போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். சுருக்கம் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கூட இருக்கற சிஸ்டர தெனம் வேற எடத்துக்கு அனுப்பிடறாங்கல்ல. தனியா இருந்தா செவுருதான் தொண" என்றார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் நடந்தது. ஊழியர் மனநலம் பற்றி வெளியிலிருந்து ஒருவர் வந்து பேசினார். 'சிரியுங்கள், சுமை குறையும்' என்று கலர் கலராகச் சுவரொட்டி ஒட்டினார்கள். சிஸ்டர்கள் ஓய்வெடுக்க ஓர் அறை இருந்ததே, உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டிவைத்த அறை, அதன் கதவில்கூட ஒன்று ஒட்டியிருந்தது. கூட்டத்துக்கு அலுவலக ஆட்கள் எல்லாரும் போனார்கள். வார்டு சிஸ்டர்கள் யாரும் போகவில்லை. போவதென்றால் சாவியை யாரிடம் கொடுப்பது?

அன்றுதான் அது நடந்தது. காலையில் சேர்ந்திருந்த நோயாளி ஒருவர், பூட்டுச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறவர். குட்டி சிஸ்டர் மருந்து அலமாரியின் பூட்டைத் திறந்த நேரத்தில் அந்த நோயாளி பின்னாலிருந்து தள்ளிவிட்டார். நெற்றி அலமாரி முனையில் மோதிப் புருவத்துக்கு மேலே கிழிந்தது. தள்ளியவர் மூலையில் சுருண்டு உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு அழுதார். பாவம், அவரையும் என்ன சொல்வது. குட்டி சிஸ்டர் எழுந்து, முதலில் அலமாரியைப் பூட்டினார். பிறகு அவரிடம் போய், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்றார். உன் போன் குரல், அக்கா. அப்படியே உன் குரல். பிறகு உட்கார்ந்து, சாவிக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஓடினேன். துணி வண்டியை வழியிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

கூட்டம் நடந்த அறைக் கதவைத் தள்ளித் திறந்தால், உள்ளே எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் இருந்தவர், "மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள்... எல்லாக் கவலைகளையும் வெளியே விடுங்கள்" என்கிறார். கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் குறட்டையே விடுகிறார். பெரிய சிஸ்டர் முதல் வரிசையில், முதுகை நிமிர்த்தி, கண் மூடி இருக்கிறார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். வகுப்பில் எழுந்து நின்றது போலவே இருந்தது. மூச்சை இழுக்கச் சொன்ன நேரத்தில் எனக்கு மட்டும் மூச்சு வரவில்லை. பிறகு எப்படியோ, தேவைக்கு மேல் சத்தமாக, "சாவி வாங்க ஆள் வேணும்" என்று கத்திவிட்டேன்.

எல்லாக் கண்களும் திறந்தன. கணக்குப் பிரிவுக்காரர், "எந்தச் சாவி, பீரோ சாவியா?" என்றார். பெரிய சிஸ்டர் மட்டும் ஒன்றும் கேட்காமல் எழுந்தார். அவரும் ஒரு காலத்தில் அந்தச் சாவியை இடுப்பில் மாட்டியிருந்தவர்தானே.

வார்டுக்கு வந்து குட்டி சிஸ்டரைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது. அந்தக் கேள்விதான் வரப்போகிறது என்று நினைத்தேன். என்ன நினைத்தாரோ, வாயை மூடிக்கொண்டார். கையை நீட்டி, "சாவியக் குடும்மா. நீ போ. இனிமே நான் பாத்துக்கறேன்" என்றார். குட்டி சிஸ்டருக்கு உடனே கொடுக்க வரவில்லை. விரல்கள் மடங்கியே இருந்தன. பெரிய சிஸ்டர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து வாங்கினார். தையல் போட அழைத்துப்போகவும், பிறகு வீடுவரை கொண்டுபோய் விடவும் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாவை அனுப்பினார்.

அன்று முழுக்க அவரே வார்டில் இருந்தார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது மறந்துபோய்த் தடுமாறினார். ஜன்னலோரத்துத் தாத்தா, "புது சிஸ்டரா? பழகிரும், பழகிரும்" என்று தைரியம் சொன்னார். நான் சிரிப்பை அடக்க விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பிறகுதான் பெரிய சிஸ்டர் மருந்து கொடுக்க அலமாரியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பி, தனக்குப் பின்னால் இருந்த அத்தனை கட்டில்களையும் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். மறுபடி கட்டில்களைப் பார்த்தார். அந்த அலமாரி இருக்கிற இடத்தில், வார்டுக்கு முதுகைக் காட்டாமல் அதைத் திறக்க யாராலும் முடியாது, அக்கா. உன்னாலும் முடியாது. அவராலும் முடியவில்லை.

மறுநாள் தச்சர் வந்து அலமாரியைக் கழற்றிப் பக்கச் சுவரில் மாட்டினார். இப்போது நின்ற இடத்திலிருந்தே வார்டு முழுதும் தெரிகிறது. உடைந்த கட்டில்களைச் சுருக்கம் அண்ணனும் நானும் வெளியே இழுத்துப் போட்டோம். ஓய்வறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். அந்தச் சுவரொட்டியைச் சுருக்கம் அண்ணன் கிழித்து, மடிப்புக் கோணாமல் மடித்துக் குப்பையில் போட்டார். வார்டின் இரண்டாவது சிஸ்டரை இனி யாரும் தன்னைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்த இடத்தில் தானே வந்து நிற்பதாகப் பெரிய சிஸ்டர் சொல்லியிருக்கிறார். பெரிய டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் இந்த வாரம் ஒரு நாள் அப்படி எடுத்தார்கள். சொன்னபடி அவர் வந்து நின்றார், முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டு.

குட்டி சிஸ்டர் விடுப்பு முடிந்து வந்துவிட்டார். இன்னும் நின்றுகொண்டுதான் குடிக்கிறார். இருப்பாரா, போய்விடுவாரா என்று தெரியவில்லை. ஒரு தாழ்ப்பாளும் ஒரு அலமாரியும் எவ்வளவுதான் செய்யும்?

இதெல்லாம் உனக்குச் செய்திருக்க வேண்டியது. ஓய்வறையைக் கூட்டும்போது நான் நினைத்தது அது ஒன்றுதான். ஒரு நாள் வேலை, அக்கா. தச்சருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. அவ்வளவு சின்ன வேலையை அன்றே செய்திருந்தால் நீ இங்கே இருந்திருப்பாய்.

இன்னொரு சேதி. உன்னை அடித்தவர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும் அன்று, நான் அவர் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தேன். நான் உன் தங்கை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அந்த சிஸ்டர் எங்கம்மா? நான் அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். எனக்கு அன்னிக்கு யாரு என்னன்னே தெரியல. ஆனா ராத்திரி அவங்கதான் மாத்திர குடுத்தாங்க, அது ஞாபகம் இருக்கு" என்றார். வேறு ஊருக்குப் போய்விட்டாய் என்றேன். ரொம்ப நேரம் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஆஸ்பத்திரியில் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டபோது, இன்னொன்றும் கேட்டார். "உங்கக்கா அன்னிக்கு சாவியோட அவ்வளவு நேரம் இருந்தான்னு என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் எனக்குப் பஸ் நிறுத்தத்தில்தான் வந்தது. "நீங்க அன்னிக்கு கேட்டது அந்தக் கேள்வி இல்லையே, மேடம், முதுகப் பத்தித்தானே கேட்டீங்க." எனக்கு எப்போதும் பதில் பஸ் நிறுத்தத்தில்தான் வரும்.

எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அம்மாவும், "வான்னு எழுதுடி, நல்லா அழுத்தி எழுது" என்று பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கும் நீ வர வேண்டும். வீட்டில் இரண்டு பேருக்குச் சமைப்பது சமையலே இல்லை. ஆனால் வா என்ற சொல்லை நான் எழுதப்போவதில்லை. அதை உனக்கு எழுத வேண்டியவர் நான் இல்லை என்று தோன்றுகிறது. நீ வந்தாலும் வராவிட்டாலும், எங்கேயாவது ஓரிடத்தில் உட்கார்ந்து, ஆறுவதற்குள், நிதானமாக ஒரு டம்ளர் டீ குடிக்க உனக்கு வாய்க்கட்டும். அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை

அக்கா, உறையை ஒட்டுவதற்கு முன் இன்னும் நாலு வரி. இன்று காலை வேலைக்கு வந்ததும் நேராகப் பெரிய சிஸ்டர் அறைக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் வந்த பதிலைச் சொன்னேன். இந்த முறை கடைசிவரை சொல்லிவிட்டேன். "நான் அக்காவ கூப்பிட மாட்டேன் மேடம். நீங்க மொதல்ல அவளுக்கு எழுதுங்க. கவர்ல எடம் இருக்கு" என்று உறையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். "என்னன்னு எழுதறது?" என்று கேட்டார். நான் உறையை நீட்டியபடியே நின்றேன். "சரி, வெளிய உக்காரு" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உறையை இன்னும் ஒட்டவில்லை.